கூரை வேலைக்கு நான் கொடுத்த பெர்மிட்

1. காலை ஏழு ஐம்பது

அந்தச் சனிக்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு ஒரு பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டேன். பத்தே முக்காலுக்கு, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு வகுப்பறையில் உட்கார்ந்திருந்தபோது, அந்தக் கையெழுத்து ஓர் ஆளைக் கொல்லப்போகிறது என்று புரிந்தது. இடைப்பட்ட நேரத்தில் நான் விதியை மீறி எதுவும் செய்யவில்லை. எல்லாம் முறைப்படிதான். வயிற்றெரிச்சலே அதுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் மெயின்டனன்ஸ் பார்த்தவள் நான். அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை வேலை; குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். டிப்ளமோ முடித்து டிரெய்னியாகச் சேர்ந்து, சாயங்காலக் கல்லூரியில் பி.இ. வாங்கி, மெயின்டனன்ஸ் மேனேஜர் ஆனேன். நான் சொல்லும் சம்பவம் நடந்தபோது எனக்கு வயது ஐம்பத்திரண்டு, சர்வீஸ் இருபத்தொன்பது வருடம். கரண்ட் விஷயத்தில் யாரும் எனக்குப் புதிதாகச் சொல்லித்தர ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

பெர்மிட் என்பது ஒரு தாள்தான். ஆனால் அந்தத் தாளை நம்பித்தான் ஃபிட்டர் வெறும் கம்பியில் கை வைக்கிறார். எஞ்சினியர் மெயினை ஆஃப் செய்து, பிரேக்கருக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, 'லைன் டெட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாத் தொழிற்சாலையிலும் உள்ள நடைமுறை இது.

எங்கள் ஷாப்பில் இதற்கு மேல் ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு 'மொத கை' என்று பெயர். ஆரம்பித்து வைத்தவள் நானே. நான் சேர்ந்த புதிதில், ஒரு சின்னப் பெண் வந்து 'லைன் டெட், வேலை செய்யலாம்' என்றால் ஃபிட்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "பாப்பா சொல்லுதே, நீ போய் கைய வையேன்" என்று ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளிவிடுவார்கள். ஒரு நாள் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பேனலைத் திறந்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, வலது கையைத் திருப்பி, விரல் முட்டிகளால் உள்ளே இருந்த மூன்று செப்புப் பட்டைகளையும் சேர்த்து ஒரு தடவு தடவிக் காட்டினேன். அன்றோடு பேச்சு அடங்கியது. அன்றிலிருந்து யார் கையெழுத்துப் போடுகிறார்களோ அவர்கள்தான் முதலில் கை வைக்க வேண்டும், அப்புறம்தான் ஃபிட்டர் வைப்பார் என்று ஆகிவிட்டது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். எந்த ஆடிட்டருக்கும் தெரியாது. எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

எத்திராஜ் எங்கள் சீனியர் ஃபிட்டர். பக்கத்துப் பாடி ஊர்க்காரர். இருபத்திரண்டு வருடமாக என் கைக்குப் பின்னால் தன் கையை வைத்தவர். நான் அவரை 'நீங்க' என்பேன். அவர் என்னை 'மேடம்' என்றும் 'நீ' என்றும் ஒரே மூச்சில் கூப்பிடுவார். பாடி மரியாதை அப்படித்தான்.

அன்றைக்கு வேலை கூரை மேல். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஷெட் கூரை முழுக்க சோலார் பேனல் போட்டிருந்தார்கள். மழைக்கு ஒரு ஷீட் ஒழுகியது. அந்த ஷீட்டை மாற்ற வேண்டுமானால் மேலே போகும் சோலார் கேபிள்களைக் கழற்றி வேறு வழியில் இழுக்க வேண்டும். சனிக்கிழமை ஷாப்புக்கு லீவு. காலையிலேயே போய் சோலார் பிரேக்கரை ஆஃப் செய்தேன். கரண்டை மாற்றித் தரும் இன்வெர்ட்டரின் திரை இருண்டது. போதாததற்கு ஷாப்பின் மெயினையும் ஆஃப் செய்து, இரண்டுக்கும் பூட்டுப் போட்டு, சாவிகளை ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டேன். பெர்மிட் எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பகுதிப் பேனல் வரிசைகளிலிருந்து வரும் ஒயர்களெல்லாம் கூரையின் மேலேயே ஒரு பெட்டியில் வந்து சேரும். அந்தப் பெட்டியில்தான் முதல் கை வைக்க வேண்டும். ஆனால் அதன் மேல் ஷீட்காரர்களின் சாமான் அடுக்கியிருந்தது. அவர்கள் பத்து மணிக்குத்தான் வருவார்கள். எனக்கோ ஒன்பதரைக்கு வகுப்பு.

"எத்திராஜ், இன்னிக்கு ஒரு நாள் எனக்குப் பதிலா நீங்களே மொத கை வெச்சிடுங்க."

"நீ போய் படி மேடம். நான் பாத்துக்கறேன். பரீட்சைல பெயிலாயி எங்க மானத்த வாங்காத."

சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

2. பெஞ்சில் ஐம்பத்திரண்டு வயது

அந்த வகுப்புக்கு நான் விரும்பிப் போகவில்லை. சோலாரைப் பொருத்தியவர்களின் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இனிமேல் நம் ஆளே பார்க்கட்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டுமாம். சென்னீர்குப்பம் தாண்டி ஒரு கல்லூரியில், வேலையில் இருக்கும் எஞ்சினியர்களுக்காகச் சனிக்கிழமை தோறும் நடக்கும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் படிப்பு. மூன்று மாதம். என்னோடு பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் என் மகள் வயது.

பாடம் எடுத்தவர் விக்னேஷ். முப்பது வயதைத் தாண்டியிருந்தால் அதிகம். தெற்கே பெரிய சோலார் பண்ணைகளில் ஐந்து வருடம் வெயிலில் கிடந்துவிட்டு ஆசிரியர் வேலைக்கு வந்தவர். முதல் நாளே எல்லாரிடமும் அனுபவம் கேட்டார். நான் இருபத்தொன்பது வருடம் என்றேன். "சூப்பர் மேடம். அதை மட்டும் கொஞ்சம் வெளிய செருப்போட விட்டுட்டு வந்துடுங்க" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே படிப்பை விட்டிருப்பேன். வீம்புக்குத்தான் தொடர்ந்து போனேன்.

அது மூன்றாவது சனிக்கிழமை. விக்னேஷ் ஒரு கேள்வி கேட்டார். "பட்டப்பகல்ல கூரைல கேபிள் வேலை. என்னென்ன ஆஃப் பண்ணுவீங்க?"

என் தொழில், என் கேள்வி. அதிலும் காலையில்தான் செய்துவிட்டு வந்திருக்கிறேன். எழுந்து நின்று வரிசையாகச் சொன்னேன். சோலார் பிரேக்கர் ஆஃப், இன்வெர்ட்டர் ஆஃப், பூட்டு, சாவி என்னிடம், பெர்மிட்.

"இப்போ கூரை மேல லைன் டெட்டா மேடம்?"

"டெட்."

விக்னேஷ் தன் மீட்டரை எடுத்துக்கொண்டார். எல்லாரையும் வெளியே மைதானத்துக்குக் கூட்டிப்போனார். சுவரில் ஒரே ஒரு பேனல் சாய்த்து வைத்திருந்தது. அதிலிருந்து இரண்டு ஒயர் சும்மா தொங்கியது. எதனோடும் இணைக்கவில்லை. மீட்டரை வைத்தார். நாற்பது வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

"இதுக்கு பிரேக்கரும் இல்ல, இன்வெர்ட்டரும் இல்ல. யாரு ஆன் பண்ணா? வெயில். பேனல் மேல வெளிச்சம் விழற வரைக்கும் அது கரண்ட் செய்யும். நீங்க கீழ ஆஃப் பண்ணா, கரண்ட் ஓடறதுதான் நிக்கும். வோல்ட்டேஜ் அப்படியே மேல காத்துகிட்டு நிக்கும். பதினெட்டு பேனல் வரிசையா கோத்திருந்தா எவ்ளோன்னு நீங்களே கணக்கு போடுங்க."

நான் போட்டேன். எங்கள் கூரையிலும் வரிசைக்குப் பதினெட்டுதான். எழுநூறுக்கு மேல் வந்தது. அதுவும் டி.சி. கரண்ட். பிளஸ்ஸையும் மைனஸையும் சேர்த்துத் தொட்டால் போனதுதான்.

என் விரல் முட்டிகள் எனக்கு ஞாபகம் வந்தன. பட்டைகளைத் தனித்தனியாகத் தொடுவதில்லை நான். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவு. எத்திராஜும் அப்படித்தான் தடவுவார். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

மணி பத்து நாற்பத்தைந்து. ஷீட்காரர்கள் வந்து சாமானை எடுத்திருப்பார்கள்.

3. சாவி என் பையில்

வகுப்பில் போன்களை ஒரு கூடையில் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஓடிப்போய் என் போனை எடுத்து எத்திராஜுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. உயரத்தில் வேலை செய்பவர்கள் போன் எடுத்துப் போகக் கூடாது, லாக்கரில் வைக்க வேண்டும். அந்த விதியைப் போட்டவளும் நான்.

கேட்டுக்கு அடித்தேன். செக்யூரிட்டி தேவராஜ் எடுத்தார். பணி ஓய்வுக்குப் பின் இந்த வேலைக்கு வந்த பெரியவர்.

"தேவராஜ், உடனே கூரைக்கு ஏறி எத்திராஜை நிறுத்துங்க. எதையும் தொடக் கூடாதுன்னு சொல்லுங்க."

"ஏணி கிட்ட நீயே எழ்தி ஒட்டிகீற மேடம், சேஃப்டி பெல்ட்டு இல்லாதவன் ஏறக் கூடாதுன்னு. பெல்ட்டு எல்லாம் மேல எட்த்துகினு பூட்டாங்க."

"நான் சொல்றேன், ஏறுங்க!"

"முட்டில ஆபரேஷன் பண்ணிகீறேன் மேடம். இரு, கீய நின்னு கத்திப் பாக்கறேன்."

கத்தினார். போனிலேயே கேட்டது. ஆனால் எங்கள் ஷெட் நீளமானது. அந்தப் பெட்டி இருப்பது அடுத்த கம்பெனியின் ஜெனரேட்டர் பக்கத்து மூலையில். சனிக்கிழமையும் அவர்களுக்கு ஓட்டம்; கீழிருந்து கத்தினால் அந்த இரைச்சலில் மேலே எட்டாது.

"ஷிஃப்ட் ஹூட்டர அடிங்க! அது கேட்டா கீழ வருவாங்க!"

ஸ்விட்சைத் தட்டும் சத்தம் கேட்டது. "மேடம், கரண்ட் இல்லியே. மெயின நீதான ஆஃப் பண்ணி பூட்டிகினு போன."

சாவி என் ஹேண்ட்பேக்கில் இருந்தது. அந்தக் கணத்தில் நான் எவ்வளவு ஒழுங்கானவள் என்று நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. சாக வேண்டியது உயிரோடு இருந்தது. உயிரோடு இருக்க வேண்டியதையெல்லாம் பூட்டிவிட்டு வந்திருந்தேன்.

விக்னேஷ் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வகுப்புக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் மீட்டர் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஸ்கூட்டர் இருக்கா மேடம்? வாங்க."

4. திருவேற்காடு வழி

நான் ஓட்டினேன், அவர் பின்னால் உட்கார்ந்தார். தான் ஓட்டட்டுமா என்று அவர் கேட்டதற்கு, எஸ்டேட்டின் சந்துபொந்து உங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். உண்மையில், சும்மா உட்கார்ந்து வந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாகப் போனால் பாடியில் சிக்குவோம் என்று திருவேற்காட்டுக்குள் திருப்பினேன். ஆடி மாதம் என்பதை மறந்துவிட்டேன். வேப்பிலை கட்டிய வேன்கள், மஞ்சள் புடவைக் கூட்டம், நடுரோட்டில் பந்தல் போட்டுக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் ஸ்கூட்டரையே மறித்து ஒரு சொம்பை நீட்டினார். "ஒரு வாய் குட்ச்சிட்டுப் போம்மா, ஆத்தா கூழு." எனக்கு அழுகை வந்தது. "ஒரு உயிர் போவுதும்மா, வழி விடுங்க" என்றேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, சொம்பைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுத் தானே முன்னால் நடந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். கூவம் பாலம் வரை எங்களுக்கு முன்னால் அந்த மஞ்சள் புடவைதான். அந்த அம்மாளின் பெயர்கூடத் தெரியாது.

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் ஏறும்போது வானம் மூடிக்கொண்டது. பெரிய கருமேகம். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

"விக்னேஷ், மேகம் வந்துருச்சு. வோல்ட்டேஜ் இறங்கிடும்ல?"

"கரண்ட் குறையும் மேடம். வோல்ட்டேஜ் பெருசா குறையாது. ஆளைக் கொல்ல அந்தக் கரண்டே ஜாஸ்தி."

அதற்குப் பிறகு நான் வானத்தைப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து அவர் என் போனில் தேவராஜுக்குத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே வந்தார். யாரும் எடுக்கவில்லை. கேட்டில் ஆளில்லை என்றால் என்ன அர்த்தம்? ஏதோ நடந்து எல்லாரும் ஓடியிருக்கிறார்கள் என்றுதானே? அத்திப்பட்டிலிருந்து எஸ்டேட் வரை நான் எத்திராஜின் வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டு வந்தேன். ஒரு வாக்கியமும் முழுதாக வரவில்லை.

5. டீ

கேட் திறந்து கிடந்தது. தேவராஜ் கேட்டில் இல்லாததன் காரணம் ஏணியடியில் தெரிந்தது. பாதி உயரம் ஏறி, மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல், கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. அவரைத் தாண்டிக்கொண்டு ஏறினேன். பெல்ட் இல்லை, ஹெல்மெட் இல்லை, காலில் வகுப்புக்குப் போட்டுப்போன செருப்பு. என் விதிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

கூரை விளிம்பில் தலையை நீட்டியபோது எத்திராஜ் தெரிந்தார். நாற்பதடி தூரத்தில், பெட்டிக்கு முன்னால், எங்களுக்குப் பக்கவாட்டில் குந்தியிருந்தார். பெட்டியின் கதவு திறந்திருந்தது. வலது கை கிளவுஸைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். கையைப் பேன்ட்டில் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். ஷீட்காரர்கள் இருவரும் தள்ளி நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கத்த வாயைத் திறந்தேன். பின்னால் ஏறி வந்த விக்னேஷ் என் தோளை அழுத்தினார்.

"கத்தாதீங்க. திடுக்கிட்டா கை உள்ள போயிடும்."

உண்மைதான். குந்தி உட்கார்ந்திருப்பவர் திடுக்கிட்டால் முன்னால்தான் சாய்வார். முன்னால் அந்தப் பெட்டி. ஆனால் கத்தாமல் எப்படி நிறுத்துவது? எத்திராஜ் துடைத்து முடித்துவிட்டார். கையைத் திருப்பினார். விரல் முட்டிகள் வெளிப்பக்கம். அது என் கை. இருபத்தொன்பது வருடம் முன் ஒரு பெண் ரோஷத்தில் செய்து காட்டிய அதே சைகை.

எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. தினமும் பதினொரு மணிக்கு ஷாப்பில் எப்படிக் கூப்பிடுவோமோ அதே இழுப்பில், அதே குரலில் சொன்னேன்.

"எத்திராஜ்ஜ்... டீ வந்துருச்சு!"

கை நின்றது. தலை திரும்பியது. அப்புறம் உடம்பும் திரும்பியது. முழங்காலில் கை ஊன்றி எழுந்து நின்றார்.

"இன்னா மேடம், கிளாஸ் முட்ஞ்சிடிச்சா? இரு, மொத கைய வெச்சிட்டு வந்துர்றேன்."

"வேணாம். டீ ஆறிடும். வாங்க."

வந்தார். ஒவ்வொரு ஷீட்டின் மேலும் பார்த்துக் கால் வைத்து, சாவகாசமாக நடந்து வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடத்தில் அவரை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. பிடித்துக்கொண்டு அப்படியே கூரை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"டீ எங்க?" என்றார் அவர்.

விக்னேஷ் பெட்டியருகே போய் மீட்டரை வைத்தார். "எழுநூத்தி இருபத்தாறு" என்றார். மேகம் இன்னும் கலைந்திருக்கவில்லை.

எத்திராஜ் நம்பவில்லை. "டெஸ்டர் வெச்சேனே சார். ஒண்ணியும் எரியலியே."

"இந்த மாதிரி லைன்ல டெஸ்டர் எரியாமலும் இருக்கும்ணே. எரிஞ்சாலும் வெளிச்சத்துல தெரியாது. டெஸ்டர நம்பவே கூடாது."

எத்திராஜ் மீட்டரைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"அப்போ காலைல நீ கையெழுத்து போட்டது?"

"தப்பு எத்திராஜ். எனக்குத் தெரியல. தெரியாமலே டெட்னு எழுதிட்டேன்."

"ஷீட்காரங்க சாமான நகத்தவே இந்நேரம் ஆயிடிச்சி. கை வேற வேர்த்துகினே இருந்திச்சி. அத்த தொட்ச்சிகினு இருந்தேன். இல்லாங்காட்டி அப்பவே வெச்சிருப்பேன்." பெர்மிட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, நான்காக மடித்திருந்ததைப் பிரித்து, என் மடியில் வைத்தார். "இத்த நம்பித்தான மேடம் மேல ஏறினேன்." அதைச் சொல்லிவிட்டு ஏணி வழியாக இறங்கிப் போய்விட்டார். போகிற போக்கில் தேவராஜையும் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு போனார். டீ கேட்கவில்லை.

6. ஒன்றும் ஆகாத சம்பவம்

திங்கட்கிழமை பிளான்ட் மேனேஜரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான். "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே மேடம். எதுக்கு பேப்பர்ல ஏத்தறீங்க? அடுத்த மாசம் ஆடிட் வேற வருது" என்றார். எனக்கும் அந்த ஆசை வராமல் இல்லை. ஒரு மணி நேரம் யோசித்தேன். பிறகு என் கைப்படவே எழுதிக் கொடுத்தேன்: தவறான இடத்தில் லைனைத் துண்டித்துவிட்டு டெட் என்று சான்று கொடுத்தேன், முதல் கை வைக்கும் வழக்கத்தை உண்டாக்கி வளர்த்ததும் நான்தான், இரண்டும் என் பொறுப்பு. மெமோ வந்தது. சான்றிதழ் வாங்கும் வரை பெர்மிட் கொடுக்கும் அதிகாரத்தை எடுத்துவிட்டார்கள். என்னைவிட ஜூனியர் ஒருவர் கையெழுத்துப் போட, நான் பக்கத்தில் நின்றேன். அவமானமாகத்தான் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

முதல் கை வழக்கத்தை நிறுத்திச் சுற்றறிக்கை எழுதினேன். ஃபிட்டர்கள் முணுமுணுத்தார்கள். "மேடம் பயந்துட்சிபா" என்று ஒருவர் என் காதில் விழும்படியே சொன்னார். ஆமாம், பயந்துதான் போயிருந்தேன்.

எத்திராஜ் என்னோடு பேசவில்லை. 'சரி மேடம்', 'முட்ஞ்சிடிச்சி மேடம்', அவ்வளவுதான். 'நீ' போய்விட்டது. 'நீங்க' வந்துவிட்டது. அவர் வாயில் அந்த 'நீங்க'வைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

நான் வெறியோடு படித்தேன். அனுபவத்தைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு உள்ளே போனேன். எழுத்துத் தேர்வில் தொண்ணூற்றிரண்டு. செய்முறையிலும் நல்ல மார்க். சான்றிதழைப் பிரேம் போட்டு மேசைக்குப் பின்னால் மாட்டினேன். அதிகாரமும் திரும்பி வந்தது.

7. அதே பெட்டி

மழைக்காலம் முழுக்க அந்த ஷீட் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. வேலையைத் தை மாதத்தில் மறுபடி எடுத்தோம். இந்தத் தடவை முறையாகச் செய்தேன். கீழே பிரேக்கர், இன்வெர்ட்டர், அதற்கப்புறம் பேனல் பக்கத்து லைனைத் துண்டிக்கும் டி.சி. ஐசொலேட்டர். கூரைக்கு ஏறி, சம்பந்தப்பட்ட பேனல் வரிசைகளின் கனெக்டர்களைப் பேனலின் காலடியிலேயே கழற்றி மூடி போட்டேன். பக்கத்து வரிசைகள் வேறு பெட்டிக்குப் போகிறவை, அவற்றை விட்டுவிட்டேன். புது மீட்டரை எடுத்து எங்கள் பெட்டியில் வைத்தேன். பிளஸ், மைனஸ், எர்த், எல்லாம் பூஜ்யம். பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டு எத்திராஜிடம் நீட்டினேன். நெஞ்சு நிமிர்ந்துதான் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை.

"மீட்டர வெச்சிக் காட்டுங்க மேடம்."

இருபத்தொன்பது வருடத்தில் என்னிடம் யாரும் கேட்டிராத வார்த்தை. ஷீட்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் சூடாகிவிட்டது. வைத்துக் காட்டினேன். பூஜ்யம்.

"இங்க இல்ல. மொதல்ல உசுரு கீற எடத்துல வெச்சிக் காட்டுங்க. மீட்டர் சரியா கீதான்னு நான் பாக்கணும்."

"இதை யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"விக்னேஷ் சார். படிப்பு எஞ்சினியருங்களுக்குத்தானாம், என்னைச் சேக்க மாட்டாங்களாம். ரிஜிஸ்டர்ல பேர் இல்லாம ரெண்டு சனிக்கெழம பின்னாடி பெஞ்சில குந்த வெச்சாரு. நீங்க பாஸ் பண்ணதுக்கு அப்பாலதான்."

பக்கத்து வரிசையின் கனெக்டர் முனையில் மீட்டர் ஒயரின் முள்ளை வைத்தேன். உச்சி வெயில். பதினெட்டுப் பேனல். எழுநூறு இருந்தே ஆக வேண்டிய இடம்.

மீட்டர் பூஜ்யம் காட்டியது.

இருவரும் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மீட்டர் கெட்டுப்போகவில்லை. அதன் நடுவிலுள்ள குமிழ், ஷாப்பில் ஓடும் கரண்டுக்கான ஏ.சி. வோல்ட்டில் நின்றது. பேனலின் டி.சி.யை அது எங்கே காட்டும்? பாடத்தில் படித்திருந்தேன், பரீட்சையில் எழுதியிருந்தேன், அந்தக் கேள்விக்கு முழு மார்க். ஆனால் மீட்டரைக் கையில் எடுத்ததும் என் கட்டைவிரல் இருபத்தொன்பது வருடமாக எந்தப் பக்கம் திருப்புமோ அந்தப் பக்கமே திருப்பியிருந்தது. கனெக்டர்களை ஒழுங்காகக் கழற்றியிருந்ததால் எங்கள் பெட்டி உண்மையிலேயே டெட்தான். ஆனால் அவற்றில் ஒன்றை நான் தவறவிட்டிருந்தாலும், இந்த மீட்டர் இதே பூஜ்யத்தைத்தான் காட்டியிருக்கும். நான் இதே கையெழுத்தைத்தான் போட்டிருப்பேன்.

எத்திராஜ் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"படிச்சது உன் தலைக்கிப் போய்ட்சி மேடம். கைக்கி இன்னும் வந்து சேர்ல."

அந்த 'உன்' என் காதில் விழுந்தது. குமிழைத் திருப்பினேன். எழுநூற்று முப்பத்தொன்று. மறுபடி எங்கள் பெட்டியில் வைத்தோம், இந்தத் தடவை முள்ளைப் பிடித்தது அவர் கை. பூஜ்யம். திரும்பவும் உயிருள்ள இடத்தில் வைத்து மீட்டரைச் சரிபார்த்தார். அதற்குப் பிறகே பெர்மிட்டை வாங்கி, என் பேனாவையும் வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே, இடமில்லாத இடத்தில், தன் கையெழுத்தைப் போட்டார். இப்போது எங்கள் பெர்மிட் புத்தகத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் அச்சடித்திருக்கிறார்கள்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அதே படிப்புக்கு வரும் எஞ்சினியர்களிடம் பேச விக்னேஷ் சில சமயம் கூப்பிடுவார். அங்கே நான் சொல்வதையே இங்கேயும் எழுதுகிறேன். உங்கள் சான்றிதழை நல்ல பிரேம் போட்டு மாட்டுங்கள், தப்பில்லை. ஆனால் நீங்கள் கொடுக்கும் பெர்மிட்டை ஒரு ஃபிட்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் மடித்துப் பையில் வைத்தால், நம் மேல் எவ்வளவு நம்பிக்கை என்று பூரித்துப்போகாதீர்கள். அந்த ஆளை முதலில் ஏணியிலிருந்து இறங்கச் சொல்லுங்கள்.